தொர்நாரி ஊத்தின கோப்பி

பெரிய உபகாரம் தம்பி, நிப்பாட்டினதுக்கு. இண்டைக்கு பஸ்காரருக்கு ஸ்ட்ரைக் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. இந்தப் பனிப்புகாருக்குள்ள கையை நீட்டினால் ஆர் நிப்பாட்டுவான்? வானில தமிழில கடைப்பேர் கிடந்தது, எங்கட ஆள்தான் எண்டு நடுறோட்டுக்கே இறங்கிட்டன். பயந்துபோனீர் போலை. ஆனால் பிரேக்கை வடிவாய்ப் பிடிச்சனீர். வான் ஒரு பக்கமும் இழுக்கேல்லை. அதை நான் கவனிச்சனான்.

பின்னால அரிசி மூட்டையோ? மலைக்கு அங்கால குடுக்கப் போறீரோ? நல்லதாப் போச்சு. ஏறி இறங்கினால் அடிவாரத்தில ஒரு வாசலில பெரிய இரும்புப் படலை வரும், அதில என்னை விட்டால் காணும். ஓம், கார் கொம்பனிதான். தொர்நாரி. கேள்விப்பட்டிருக்க மாட்டீர். இப்பத்தைப் பெடியளுக்கு இத்தாலிக் கார் எண்டால் ரெண்டு மூண்டு பேர்தான் தெரியும். தொர்நாரி ஓடின காலத்தில அந்தப் பேருகள் எல்லாம் பின்னால தூசி குடிச்சுக்கொண்டு வந்தது எண்டு பெரியவர் சொல்லுவார். அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். ஆனால் முழுக்கப் பொய்யில்லை.

என்ர பேர் பரராசசிங்கம். இந்த இத்தாலிக்காரரின்ர வாயில நுழையாது, பாரா எண்டுவினம். பெரியவர் வைச்ச பேர். குவெரீனோ தொர்நாரி, கொம்பனியைத் துவக்கின மனுசன். ஊரில சண்டை இறுகின நேரம் நாங்கள் இஞ்ச வந்து சேர்ந்து, நானும் மனுசியும் அவற்ர வீட்டிலதான் வேலைக்கு நிண்டனாங்கள். நான் சமையல், வீட்டு வேலை. மனுசி புவனம், மேல்மாடியில இருந்த கிழவியைப் பாக்கிறது. அது பெரியவற்ர தம்பி பெண்சாதி, இடா எண்டு பேர். புரியன் செத்த நாளிலயிருந்து பெரியவரோட கதையில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஆனால் ஒரு சொல்லு இல்லை. சில பொம்பிளையளுக்கு மனசு கல்லு, என்ன செய்யிறது.

உமக்குக் கலியாணம் ஆகீட்டுதோ? இல்லை. நல்லது, நல்லது. அவசரப்படாதையும்.

அந்தத் தம்பியார் நெல்லோ. அவரிலயிருந்துதான் கதை துவங்குது. உலகச் சண்டை முடிஞ்சு, ஆமிக்காரர் விட்டிட்டுப் போன லொறியள் வயல் வழிய கிடந்து கறள் பிடிச்சுக்கொண்டிருந்த காலம். தகப்பன் கமக்காரருக்குக் கலப்பை அடிச்சுக் குடுக்கிற கொல்லன். பெடியள் ரெண்டு பேரும் லொறியளைக் கழட்டி, தகப்பன்ர பட்டறையில வைச்சு ஒரு கார் செய்தினம். அண்ணன் எஞ்சின், தம்பி ஓட்டம். இத்தாலிக் கார் எண்டால் சிவப்பு எண்டுதானே உமக்குத் தெரியும்? தொர்நாரி வெள்ளை. அந்த நேரம் ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற்தான் கிடைச்சது. பேந்து அதுவே அடையாளமாய்ப் போட்டுது.

முதல் றேஸிலயே நெல்லோ முன்னுக்கு வந்தவர். ரெண்டாவது றேஸில ஸ்டியரிங் தடி முறிஞ்சு, ஒரு தேவாலய மதிலோட போய் முடிஞ்சார். சனம் எல்லாம் இனிக் கொம்பனி இல்லை எண்டு சொல்லிச்சினம். பெரியவர் என்ன செய்தவர் தெரியுமோ? தம்பியைப் புதைச்ச கையோட பட்டறைக்குப் போய், அந்த முறிஞ்ச தடியை எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தவராம். உள்ளுக்கை ஒரு சின்னக் காத்துக் குமிழ். அடுத்த தடியைத் தடிப்பாய்ச் செய்தார். அந்த வருசமே அந்தக் கார் வெண்டது. அதுதான் தொர்நாரி. மற்றவன் எண்டால் ஒப்பாரி வைச்சுக்கொண்டு இருந்திருப்பான்.

பேந்து நல்ல காலம். படத்தில நடிக்கிறவை வந்து காசு குடுத்து வேண்டினவை, எங்கையோ ஒரு நாட்டு ராசா வந்து வேண்டினவர். ஒவ்வொரு புதுக் காருக்கும் ஒரு கரைச்சல் வரும். வந்தால்தானே திருத்தலாம். பிருனோ எண்டு ஒரு பெடியன், சில்லு கழண்டு. அதுக்குப் பிறகு தொர்நாரிச் சில்லு உலகத்தில எங்கையும் கழண்டதில்லை. வால்த்தர் எண்டு ஒருத்தன், பிரேக் சூடாகி. அதுக்குப் பிறகு பிரேக்கிலயும் ஒரு குறை சொல்லேலாது. அந்த முறிஞ்ச துண்டுகளைப் பெரியவர் தன்ர மேசையில வைச்சிருந்தவர். காலமை துடைக்கிறது நான். துடைக்கேக்கை அவர் கதிரையில இருந்து, "அது நெல்லோ, மெல்ல. அது பிருனோ, அதுக்கு எண்ணெய் போடு" எண்டு சொல்லுவார். இரும்புக்கு ஆளின்ர பேர். எவ்வளவு பாசம் பாரும்.

அந்தப் பாசத்தை என்ர மனுசி கடைசி மட்டும் விளங்கேல்லை.

பெற்றோல் விலை ஏறின காலத்தில கொம்பனி விழுந்தது. தொழிற்சாலையை ட்ராக்டர் செய்யிறவனுக்குக் குடுத்திட்டு, ஒரு கொட்டிலையும் பேரையும் மட்டும் பெரியவர் வைச்சுக்கொண்டவர். நாங்கள் வந்து கன வருசத்தால, எண்பது தாண்டின வயசில, ஒரு கார் செய்யவேணும் எண்டு வெளிக்கிட்டார். கடைசிக் கார். கொட்டிலுக்குள்ள ஒரு கை விரல்மட்டு ஆக்கள்தான். பெயின்ற் அடிக்கிற ரென்ஸோ, அவன்ர மகன் மத்தேயோ, வேற ரெண்டு கிழவர், என்ர மகன் நிமலன்.

நிமலன் இஞ்ச வரேக்கை சின்னப் பிள்ளை. மத்தேயோவும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே பைத்தியம். ரென்ஸோ புல்லு வெட்டுற மெசின்ர எஞ்சினை எடுத்து ஒரு குட்டிக் கார் செய்து குடுத்தான், ரெண்டு பேரும் மாறி மாறி ஓடி வளவெல்லாம் உழுது போட்டாங்கள். வளந்தாப் பிறகும் அப்பிடித்தான். மத்தேயோ கெதி, வேகமாய் ஓடுவான். ஆனால் நிமலனுக்கு ஒரு மிருது இருந்தது. உம்மட கையில இருக்கிற மாதிரி. நீர் இப்ப கியர் மாத்தினீர், எனக்குத் தெரியவேயில்லை, பாரும்.

பெரியவருக்குக் கண் மங்கல். வளவில கதிரையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கார்ச் சத்தத்தைக் கேப்பார். ஒருநாள் கேட்டார், "இப்ப ஓடினது ஆர்?" நான் சொன்னன், "என்ர மகன்." அடுத்த நாள் மத்தியானம் நிமலனைக் குசினிக்குக் கூப்பிட்டு, தன்ர கதிரையில இருத்தி, அடுப்பில இருந்த கோப்பிச் சட்டியைத் தானே தூக்கி ஊத்தினார். தம்பி, அத்தினை வருசமாய் அந்த மனுசன் ஒரு கோப்பை தூக்கி நான் காணேல்லை. தண்ணியும் நான்தான் குடுக்கவேணும். ஊத்திப்போட்டு, "சீனி எவ்வளவு?" எண்டும் கேட்டவர். நான் வாசலில நிண்டு அழுதிட்டன்.

"ஞாயிற்றுக்கிழமை காரை மலையால இறக்குவம்," எண்டார். "பின்பக்கம் கொஞ்சம் லேசாகுது எண்டு நினைக்கிறன். எனக்கு நிச்சயமாய்த் தெரியவேணும்."

நிமலன் கேட்டான், "ஓட்ட மைதானத்தில வைச்சுப் பாக்கேலாதோ?"

"மைதானம் எனக்கு விருப்பமானதைச் சொல்லும். மலைதான் உள்ளதைச் சொல்லும்."

என்ன பேச்சு. என்ர பிள்ளைக்குச் சொன்ன பேச்சு.

நான் ஒரே ஓட்டமாய் மேல்மாடிக்கு ஓடினன், புவனத்திட்டச் சொல்ல. அங்கதான் காரியம் பிழைச்சது. மனுசி கிழவிக்குச் சூப் பருக்கிக்கொண்டு இருந்தவ. கிழவிக்கும் கேக்கட்டும் எண்டு இத்தாலியனிலயே சொன்னன். கிழவி தலையைத் திருப்பி, "அவன் தன்ர கையாலயோ ஊத்தினவன்?" எண்டு கேட்டுது. ஓம் எண்டன், பெருமையாய். "சீனியும் கேட்டவனோ?" ஓம், சீனியும் கேட்டவர் எண்டன். கிழவி புவனத்தின்ர கையைப் பிடிச்சது. பேந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டுது. சூப் குடிக்கேல்லை. நான் பொறாமை எண்டு நினைச்சன். தன்ர புரியன்ர இடத்துக்கு ஒரு தமிழ்ப் பெடியன் வாறான் எண்ட பொறாமை.

பின்னேரம் புவனம் வந்து நிண்டா. "இஞ்சருங்கோ, பிள்ளை அந்தக் காரை ஓடவேண்டாம்."

"உனக்கென்ன விசரோ?"

"அந்த மேசையில கிடக்கிற இரும்பைத் தினம் துடைக்கிறியளே, என்னத்தைத் துடைக்கிறியள் எண்டு தெரியுமோ?"

"தெரியும். கொம்பனியின்ர சரித்திரம்."

மனுசி "பொம்மருக்கும் ஷெல்லுக்கும் தப்பி, கடலேரித் தண்ணிக்குள்ளால தோளில காவிக்கொண்டு வந்த பிள்ளை," எண்டா. அவ்வளவுதான். நான் சொன்னன், அதுக்குத்தான் ஆண்டவன் இதைக் குடுக்கிறான் எண்டு. அவ மேல்மாடிக்குப் போயிட்டா. நான் வெண்டிட்டன் எண்டு நினைச்சன்.

நிமலனும் அண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லை. என்னட்ட வந்து, "அப்பா, பின்பக்கம் லேசாகுது எண்டு அவருக்குத் தெரியுமெண்டால், ஏன் முதல் திருத்தேல்லை?" எண்டு கேட்டான். நான் சொன்னன், "நீ ஓடிக் காட்டினால்தானே ராசா திருத்தலாம்." அவன் தலையாட்டினான். நல்ல பிள்ளை. எதிர்த்துக் கதைக்கிறதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிப் பாக்கிறன், ரெண்டு படுக்கையும் மடிச்சுக் கிடக்கு. உடுப்புப் பாக்கைக் காணேல்லை. மேசையில எனக்குத் தேத்தண்ணி ஊத்தி மூடிவைச்சிருக்கு, ஆறிப்போய். மிலானோ ட்ரெயினைப் பிடிச்சு, சுவிசில இருக்கிற புவனத்தின்ர தமையன் வீட்டுக்குத் தாயும் மகனும் போயிட்டினம்.

தம்பி, நீர் சின்னப் பெடியன், உமக்கு விளங்குமோ தெரியாது. ஒரு மனுசன் உமக்குத் தன்ர கையால கோப்பி ஊத்தியிருக்கிறார். அவற்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது? அண்டைக்குப் பட்ட வெக்கம் என்ர எதிரிக்கும் வரக்கூடாது.

போய், பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டன். பெரியவர் கோவிக்கேல்லை, அதுதான் பெரிய மனுசத்தன்மை. "மத்தேயோவைக் கூப்பிடு," எண்டார்.

நான்தான் போய்க் கூப்பிட்டனான். பெடியன் பல்லு விளக்கிக்கொண்டு நிண்டவன், சொன்ன உடனை நுரை வாயோட என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினான். "நிமலனுக்குக் காய்ச்சலோ? பாவம். ரெண்டாவது ஓட்டம் அவன்தான் எண்டு சொல்லுங்கோ," எண்டான். ரென்ஸோவும் வந்தான், ஞாயிற்றுக்கிழமையும் விரலில வெள்ளைப் பெயின்ற். மகனுக்குப் பெரியவர் கோப்பி ஊத்துறதைப் பாத்துக்கொண்டு நிண்டான். அவன் அந்தக் கொம்பனியில வளந்தவன், அவனுக்கு அந்தக் கோப்பி என்னெண்டு தெரியும். ஆனால் வாய் திறக்கேல்லை. முகம் மட்டும் வெள்ளை அடிச்ச சுவர் மாதிரி வெளிறிப்போய் இருந்தது. சந்தோசம் கூடினால் சிலருக்கு அப்பிடித்தான்.

பாரும், மேல வந்திட்டம். புகார் கீழ நிண்டிட்டுது. இனி இறக்கம்தான். இந்த றோட்டாலதான் அண்டைக்கு வெள்ளைக் கார் இறங்கினது.

நாங்கள் அடிவாரத்தில, படலையடியில நிண்டனாங்கள். பெரியவர் கதிரையில, கண் மூடி. நான் பக்கத்தில. ரென்ஸோ கொஞ்சம் தள்ளி. முதல் ஒரு தேனீச் சத்தம் மாதிரி. பேந்து மலையே பாடத் துவங்கிச்சுது. கியர் மாறுறது, முடக்கு எடுக்கிறது, திரும்ப ஏறுறது எல்லாம் கேக்குது. பெரியவற்ர விரல் கதிரைக் கையில தாளம் போடுது. திடீரெண்டு எஞ்சின்ர குரல் மேல போச்சு, ஒண்டையும் இழுக்காமல் சும்மா சுத்துற மாதிரி. எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவர் கண்ணைத் திறந்தார்.

"பின்பக்கம்தான்," எண்டார்.

அதுக்குப் பிறகுதான் தம்பி, மற்றச் சத்தம் வந்தது. மரம் முறியிற சத்தம். பேந்து ஒண்டும் இல்லை. ரென்ஸோ ஓடத் துவங்கினான், மலையேத்தத்தில, அந்த வயசில. யோசிச்சுப் பாரும், கார் இன்னும் நிலத்தில விழேல்லை, பெரியவருக்குத் தெரிஞ்சிட்டுது. என்ன காது. உலகத்தில அப்பிடி ஒரு காது இனி வராது.

பெடியன் அதிலயே முடிஞ்சான். கண் திறந்தபடி, ஒரு கீறல் இல்லாமல். நான்தான் போத்து விட்டனான்.

சவத்துக்குப் பின்னால பெரியவர் பொல்லூண்டிக்கொண்டு கடைசிவரைக்கும் நடந்தார். மழை. நான் குடை பிடிச்சன். சேமக்காலையில குழிக்கு மேல வெள்ளைச் சலவைக்கல்லு, கொம்பனிச் சின்னத்தோட. ஊரே வந்து ரென்ஸோவுக்குக் கை குடுத்தது. பெரியவர் அவனைக் கட்டிப்பிடிச்சு, "உன்ர மகன் எனக்கு ஒரு பெரிய விசயம் சொல்லித் தந்திட்டுப் போயிருக்கிறான்," எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். ஆருக்குக் கிடைக்கவேண்டிய சொல்லு அது.

எல்லாரும் போனாப் பிறகு ரென்ஸோ என்னட்ட வந்தான். "பாரா, நிமலனுக்குக் காய்ச்சல் சுகமோ?" எண்டான். சுகம் எண்டன். "உன்ர மனுசிக்கு என்ர வணக்கத்தைச் சொல்லு," எண்டான். விட்டிட்டு ஓடின மனுசியைச் சொல்லிக் குத்துறான், பாத்தீரே. மகனைப் புதைச்ச இடத்திலயும் நாக்கு அடங்கேல்லை. அதுக்குப் பிறகு நான் அவனோட கதைக்கிறதில்லை. அவனும் பிறகு வேலைக்கு வரேல்லை.

கார் திருத்தினாப் பிறகு தேர் மாதிரி நிண்டது. செய்து முடிய முன்னமே வித்துப்போச்சு. பத்திரிகையெல்லாம் எழுதிச்சுது. பெரியவர் நல்லாய் இருந்து, படுக்கையில, நித்திரையிலயே போனார். கிழவி அவருக்கு முதலே போட்டுது. சாகுமட்டும் புவனத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தது.

புவனம் திரும்பி வரேல்லை. நிமலன் என்ன செய்யிறான் எண்டு கேக்கிறீரோ? சொல்ல வெக்கம். சூரிச்சில ட்ராம் ஓட்டுறான். தண்டவாளத்தில. ஸ்டியரிங்கே இல்லை, தம்பி. தொர்நாரி காது குடுத்துக் கேட்ட கை, இப்ப மணி அடிச்சு மணி அடிச்சுக் கிழவியளை ஏத்தி இறக்குது. ரெண்டு பிள்ளை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமையில போன் எடுப்பான், வந்து எங்களோட இருங்கோ அப்பா எண்டுவான். என்னத்துக்குப் போறது? அந்த மனுசி என்ர பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டா. அதை நான் மறக்கமாட்டன்.

பொறும். இந்தா வருது. முன்னால ஒரு சின்ன ஏத்தம் தெரியுதோ, பாம்பு முதுகு மாதிரி? அதைத் தாண்டினால் இடப்பக்கம் முடக்கு. மற்ற ஆக்கள் எல்லாரும் இதில பிரேக்கை அமத்துவினம். நீர் அமத்தாதையும். காலை எடும். எடும், எடும், நான் சொல்லுறன். கையை இறுக்காமல், மிருதாய். ம்.

பாத்தீரே. ஒரு மூட்டையும் அசையேல்லை. முகம் ஏன் வேர்க்குது? பழகேல்லை, வேறொண்டுமில்லை. அந்தப் பூங்கொத்துக் கட்டியிருக்கிற மரமோ? ஓம், அதுதான். ரென்ஸோ வந்து கட்டுறவன்.

நான் இப்ப அந்தப் படலைக்குள்ள காவல். வாற சனத்துக்குப் பழைய காருகளைக் காட்டுறது. ஆனால் கொட்டில் திரும்பத் திறந்திட்டுது, அது வெளியில தெரியாது. பெரியவற்ர பேரனார் ஒரு புதுக் கார் செய்யிறார். வெள்ளைதான். தாத்தாவின்ர அதே வைராக்கியம், அதே மேசை. முன்பக்கத்தில ஒரு சின்னச் சந்தேகம் இருக்காம். கொம்பியூட்டர் சரி எண்டு சொல்லுது, அவருக்கு மனசு ஒப்பேல்லை. ஆள் தேடுறார். நான் சொல்லியிருக்கிறன், என்ர கண்ணுக்கு ஒருத்தன் பட்டால் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு. அஞ்சாறு வருசமாய் பஸ்ஸிலயும் வானிலயும் ஏறி ஏறிப் பாக்கிறன். ஒருத்தனும் கை இறுக்காமல் அந்த முடக்கை எடுத்ததில்லை. இண்டைக்குத்தான்.

அரிசி மூட்டை காவி என்ன காணப்போறீர்?

இந்தா, இதுதான் படலை. நிப்பாட்டும். வெளிச்சம் எரியுது, பேரனார் உள்ளுக்கைதான் நிக்கிறார். ஒருக்கா இறங்கி வாரும், கை குடுத்திட்டுப் போகலாம். அஞ்சு நிமிசம். சாமான் எங்கையும் ஓடாது.

வீட்டில அம்மா மட்டுமோ இருக்கிறா? தனியவோ? சரி, சரி. அப்ப ஒண்டு சொல்லுறன், என்ர அனுபவத்தில சொல்லுறன், கேளும். அம்மாவுக்கு இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம். நீர் ஓடி முடியட்டும். பிறகு நானே வந்து சொல்லுறன்.